ராஸ்பெர்ரி பையில் வைஃபை அடாப்டர் மல்லுக்கட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்கு ராஸ்பெர்ரி பை என்ற, ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கணினியைச் சொல்லித்தருகிறேன்; சுருக்கமாக 'பை' என்போம். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், தோட்டத்து மோட்டாரை போனிலிருந்து இயக்க ஆசைப்படுபவர்கள் என்று பலரும் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சிக்கிக்கொள்வது யூஎஸ்பி வைஃபை அடாப்டரில்தான். ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

1. பையிலேயே வைஃபை இருக்கிறதே அண்ணா, தனியாக அடாப்டர் எதற்கு?

எல்லாப் பையிலும் இல்லை. 2016இல் வந்த பை 3இல்தான் முதன்முதலாக வைஃபையை போர்டிலேயே வைத்தார்கள். அதற்கு முந்தைய பை 1, பை 2, முதல் பை ஜீரோ எதிலும் கிடையாது. பை 3இலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2018இல் வந்த 3பி பிளஸ் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

புதிய போர்டு வைத்திருப்பவர்களுக்கும் சில நேரம் தேவைப்படும். இரும்புப் பெட்டிக்குள் பையை வைத்தால் உள்ளே இருக்கும் குட்டி ஆன்டெனாவால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வைஃபையில் இணையத்தை வாங்கி, இன்னொன்றில் ஹாட்ஸ்பாட்டாகக் கொடுப்பதற்கும் இரண்டாவது அடாப்டர் வேண்டும்.

2. அடாப்டரோடு ஒரு சிடி தந்தார்களே, அதைப் போட்டால் டிரைவர் ஏறாதா?

ஏறாது. அந்த சிடியில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸுக்கும் இன்டெல் வகைப் பிராசஸருக்கும் எழுதியது. பையில் ஓடுவது லினக்ஸ்; பிராசஸர் ஏஆர்எம் வகை. சில சிடிகளில் லினக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் பல வருடம் பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) எழுதியது, இன்றைய கெர்னலில் கம்பைல் ஆகாது (மூல நிரலிலிருந்து ஓடும் நிரலாக மாறாது). நேரத்தை அதில் விடாதீர்கள்.

லினக்ஸில் டிரைவர் என்பது கெர்னலோடு சேரும் ஒரு மாட்யூல். அடாப்டர் ஓட அதோடு இன்னொன்றும் வேண்டும்: ஃபர்ம்வேர். மாட்யூல் ஓடுவது பையின் பிராசஸரில். ஃபர்ம்வேர் ஓடுவது அடாப்டருக்குள் இருக்கும் சிப்பில். செருகியவுடன் டிரைவர் இந்தக் கோப்பை எடுத்து சிப்புக்குள் ஏற்றும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அடாப்டர் வேலை செய்யாது. ஆனால் எது இல்லையோ அதற்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். கீழே பல பதில்கள் இந்த வேறுபாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

3. டிபி-லிங்க் அடாப்டர் வைத்திருக்கிறேன். அதற்கு எந்த டிரைவர்?

இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. வைஃபை விஷயத்தில் பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஒரு தகவலும் சொல்லாது. டிரைவரைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சிப். அடாப்டரை விற்கும் நிறுவனங்கள் பலவும் சிப்பை வெளியில்தான் வாங்குகின்றன: ரியல்டெக், மீடியாடெக், ஏதெரோஸ், ராலிங்க் என்று நாலைந்து பேர்தான். ராலிங்க் 2011இல் மீடியாடெக்கோடு சேர்ந்துவிட்டது, ஆனாலும் பழைய சிப்புகள் அந்தப் பெயரிலேயே தெரியும்.

இன்னும் மோசம் என்னவென்றால், ஒரே மாடல் எண்ணிலும் சிப் மாறும். டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற அடாப்டரைப் பலர் தேடி வாங்குவார்கள். அதன் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப். கெர்னலிலேயே நல்ல டிரைவர் உண்டு, செருகினால் ஓடும். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் 8188இயூஎஸ் சிப். வெளித்தோற்றம் அதே வெள்ளை உடம்பு, அதே ஆன்டெனா. பத்து வருடத்துக்கு முந்தைய பரிந்துரையைப் படித்துவிட்டு இன்று வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். அடாப்டரின் பின்புற ஸ்டிக்கரில் சீரியல் எண் பக்கத்தில் பொடி எழுத்தில் பதிப்பு எண் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது அதைப் பாருங்கள்.

4. அப்போ உள்ளே என்ன சிப் என்று பிரித்துப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டுங்கள். யூஎஸ்பியில் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி வரும். அந்த வரியில் ஐடி என்ற சொல்லுக்குப் பிறகு நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இன்னும் நான்கு எழுத்து. முதல் நான்கு சிப் அல்லது அடாப்டர் நிறுவனத்துக்கு, அடுத்த நான்கு சாதனத்துக்கு. நமக்கு வேண்டியது இந்த எட்டும்தான்.

எது அடாப்டரின் வரி என்று குழப்பமாக இருந்தால், அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை, செருகி ஒரு முறை தட்டுங்கள். புதிதாக வந்த வரிதான் அது. அடிக்கடி கண்ணில் படுபவை சில: 0பிடிஏ:8179 என்றால் ரியல்டெக் 8188இயூஎஸ். 0பிடிஏ:8812 என்றால் 8812ஏயூ. 148எஃப்:5370 ராலிங்க் ஆர்டி5370. 148எஃப்:7601 மீடியாடெக் எம்டி7601யூ. 0சிஎஃப்3:9271 மேலே சொன்ன ஏதெரோஸ். சில நிறுவனங்கள் முதல் நான்கு எழுத்தில் தங்கள் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். அப்போது எட்டு எழுத்தையும் அப்படியே தேடினால் யாராவது சிப் பெயரை எழுதியிருப்பார்கள்.

வரியின் கடைசியில் வரும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அது உங்கள் கணினியில் இருக்கும் ஒரு பட்டியலிலிருந்து வருகிறது; பட்டியல் பழையதாக இருக்கலாம். எண் மட்டுமே சாட்சி.

5. எல்எஸ்யூஎஸ்பியில் வருகிறது. ஆனால் டபிள்யூலேன்0 என்று ஒன்றையும் காணோமே?

டபிள்யூலேன்0 என்பது வைஃபை இணைப்புக்கு லினக்ஸ் வைக்கும் பெயர். எல்எஸ்யூஎஸ்பியில் வந்தால், வாசலில் யாரோ வந்து நிற்கிறார் என்று பைக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அழைத்துப் போக டிரைவர் வந்ததா என்பது வேறு விஷயம்.

அதைப் பார்க்க எல்எஸ்யூஎஸ்பியோடு இடைவெளி விட்டு ஹைஃபன் டி ('ட்ரீ' என்பதன் முதல் எழுத்து) சேர்த்துத் தட்டுங்கள். மரம் போல ஒரு படம் வரும். ஒவ்வொரு கிளையிலும் டிரைவர் என்ற சொல்லும் சமக்குறியும் இருக்கும். சமக்குறிக்குப் பிறகு வெறுமையாகவோ 'நன்' என்றோ இருந்தால், இந்த எண்ணுக்கு உரிமை கோரும் டிரைவர் கெர்னலில் இல்லை. அங்கே ஒரு பெயர் இருந்தும் டபிள்யூலேன் வரவில்லை என்றால், டிரைவர் வந்துவிட்டது, பிறகு எங்கோ தடுக்கியிருக்கிறது.

எங்கே தடுக்கியது என்று கெர்னலே சொல்லும். அடாப்டரைக் கழற்றுங்கள், பத்து விநாடி விட்டுச் செருகுங்கள், சூடோ டிஎம்இஎஸ்ஜி என்று தட்டி கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். வகுப்புக்கு வருபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்: எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன் அந்த இருபது வரியைப் படித்துவிடுங்கள். நான் பார்த்த பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அதிலேயே இருந்தது.

6. அதில் ஃபர்ம்வேர் ஃபெயில்ட், எரர் மைனஸ் 2 என்று வருகிறது சார்.

இது நல்ல செய்தி. மைனஸ் 2 என்றால் "கோப்பு இல்லை" என்று அர்த்தம். டிரைவர் சரியாக வந்து, சிப்பை அடையாளம் கண்டு, ஃபர்ம்வேரைத் தேடியிருக்கிறது, கோப்பு இல்லை. எந்தக் கோப்பு என்று பெயரையும் அந்த வரியிலேயே போட்டிருக்கும்.

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் வழக்கமான ஃபர்ம்வேர்கள் ஏற்கெனவே இருக்கும். வேறு டிஸ்ட்ரோ (வேறு லினக்ஸ் வகை) போட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக், ஏதெரோஸுக்கு ஃபர்ம்வேர்-ஏதெரோஸ் என்ற பேக்கேஜ். ஏப்ட் இன்ஸ்டால் என்ற கட்டளையால் அதை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டு, அடாப்டரைக் கழற்றிச் செருகினால் முடிந்தது.

7. இணையமே இல்லாமல் எப்படி ஏப்ட் இன்ஸ்டால் செய்வது?

லேன் கேபிள் இருந்தால் அதுதான் சுலபம். இல்லாவிட்டால் உங்கள் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் ஒயரில் பையோடு இணைத்து, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுங்கள். யூஎஸ்பி0 என்ற பெயரில் ஒரு இணைப்பு தானாக வந்துவிடும். தனி டிரைவர் ஏதும் தேவையில்லை. ஒயர் டேட்டா ஒயராக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயர் உதவாது. போன் பையிடமிருந்து சார்ஜும் இழுக்கும், அதனால் நல்ல பவர் அடாப்டர் வேண்டும்.

8. எல்எஸ்யூஎஸ்பியிலேயே வரவில்லை. அடாப்டர் செத்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். முதலில் வேறு போர்ட், பிறகு வேறு கணினி. கணினியில் தெரிந்து பையில் தெரியவில்லை என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். டிஎம்இஎஸ்ஜியில் எரர் மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 வந்தால் இது டிரைவர் பிரச்சினையே இல்லை. யூஎஸ்பியில் பேச்சுவார்த்தை பாதியில் அறுந்திருக்கிறது, அல்லது பதில் வராமல் நேரம் முடிந்துவிட்டது. ஒயர், ஹப், மின்சாரம் மூன்றில் ஒன்று.

பை ஜீரோ வைத்திருப்பவர்கள்: இரண்டு மைக்ரோ யூஎஸ்பி போர்ட் இருக்கும். ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு மட்டும். அடாப்டர் மற்றதில், ஓடிஜி ஒயர் வழியாகத்தான் செருக வேண்டும்.

9. என் போன் சார்ஜரே 2 ஆம்பியர் தருகிறதே. அது போதாதா?

ஆம்பியரை மட்டும் பார்க்கிறோம், வோல்ட்டை மறந்துவிடுகிறோம். பைக்கான பவர் அடாப்டர் 5.1 வோல்ட் தருவது காரணத்தோடுதான்: ஒயரில் கொஞ்சம் இறங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். போர்டுக்கு வந்து சேருவது 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கை தரும். மானிட்டரில் மின்னல் சின்னம் வருவது அதனால்தான். வைஃபை அடாப்டர் சிக்னலை அனுப்பும் கணத்தில் மின்சாரத்தை வெடுக்கென்று இழுக்கும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வோல்ட் அந்தக் கணத்தில் சரியும், அடாப்டர் ரீசெட் ஆகும்.

மானிட்டர் இல்லாவிட்டால் விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட் என்று தட்டிப் பாருங்கள். 0எக்ஸ்0 வந்தால் நலம். 0எக்ஸ்50000 வந்தால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்ட் இறங்கியிருக்கிறது. 0எக்ஸ்50005 வந்தால் இந்த நிமிடமும் இறங்கித்தான் இருக்கிறது.

எங்கள் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்க்க ஒரு பை 2 வைத்திருந்தேன். பகலில் நன்றாக ஓடும், வேறு சில நேரம் வைஃபை காணாமல் போகும். மூன்று நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். நான்காம் நாள் மல்டிமீட்டரை போர்டின் 5 வோல்ட் பின்னில் வைத்துவிட்டு, இன்னொரு கையில் போனை வைத்து ஒரு பெரிய ஃபைலை அனுப்பினேன். 4.8இல் நின்ற எண் 4.5க்கு விழுந்தது, அடாப்டரின் நீல விளக்கு அணைந்தது. காரணம், பவர் சாக்கெட் தூரமாக இருக்கிறதென்று நான் போட்டிருந்த மூன்று மீட்டர் மெல்லிய ஒயர். அதை மாற்றிக் குட்டையான, தடித்த ஒயர் போட்டதும் சரியானது. டிரைவரில் ஒரு குறையும் இருக்கவில்லை.

பை 5காரர்களுக்கு ஒன்று: 5 ஆம்பியர் தரும் பவர் அடாப்டர் இல்லையென்றால், பை 5 யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். வைஃபை அடாப்டரும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தால் அது போதாது.

10. அடாப்டரைச் செருகினால் பென்டிரைவ் மாதிரி ஏதோ திறக்கிறது. வைஃபை வரவில்லை.

சில புதிய ரியல்டெக் அடாப்டர்கள் விண்டோஸ் டிரைவரைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவ் போல வேஷம் போடும். எல்எஸ்யூஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று தெரிந்தால் இதுதான். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜைப் போட்டால் வேஷத்தைக் கலைத்துவிடும். அல்லது திரையில் வந்த அந்த டிரைவை எஜெக்ட் செய்தாலே பல நேரம் போதும். பிறகு எல்எஸ்யூஎஸ்பியை மறுபடி பாருங்கள், எண் மாறியிருக்கும். அந்தப் புதிய எண்தான் உண்மையான சிப்.

11. கிட்ஹப்பிலிருந்து டிரைவர் எடுத்து மேக் (கம்பைல் செய்யும் கட்டளை) போட்டேன். பில்ட் என்ற ஃபோல்டர் இல்லை என்று நின்றுவிட்டது.

கெர்னல் ஹெடர்கள் (கெர்னலுக்குப் பொருந்தும்படி மாட்யூலைக் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லை. மாட்யூலைக் கம்பைல் செய்ய, ஓடிக்கொண்டிருக்கும் அதே கெர்னலின் ஹெடர்கள் வேண்டும். "அதே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். யூநேம் ஹைஃபன் ஆர் என்று தட்டினால் வரும் எண்ணும், ஹெடர் பேக்கேஜின் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் ஏப்ட் அப்டேட், ஃபுல்-அப்கிரேட். அப்புறம் ரீபூட். அதற்குப் பிறகுதான் ஹெடர். ரீபூட்டை விட்டுவிட்டால் ஓடுவது பழைய கெர்னல், ஏறுவது புது ஹெடர். மறுபடி அதே பிழை. 2023இல் வந்த புக்வார்ம் என்ற ஓஎஸ் பதிப்பிலிருந்து பேக்கேஜ் பெயர் மாறிவிட்டது: 64 பிட்டில் பை 3, பை 4 என்றால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஆர்பிஐ-வி8, பை 5 என்றால் கடைசியில் வி8க்குப் பதில் 2712. அதற்கு முந்தைய பதிப்புகளில் ராஸ்பெர்ரிபை-கெர்னல்-ஹெடர்ஸ்.

12. ஹெடரும் போட்டேன், எண்ணும் சரி. ஆனாலும் 32 பிட் ஓஎஸ்ஸில் கம்பைல் ஆகவே இல்லை. பைத்தியம் பிடிக்கிறது.

இதில் சிக்கியவர்கள் பலர். 2023இல் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, நீங்கள் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும், போர்டு தாங்குமென்றால் கெர்னல் மட்டும் 64 பிட்டாக பூட் ஆகத் தொடங்கியது. புரோகிராம்கள் 32, கெர்னல் 64. உங்கள் கம்பைலர் 32 பிட்டுக்கு மாட்யூல் செய்கிறது. கெர்னல் அதை ஏற்காது.

யூநேம் ஹைஃபன் எம் தட்டினால் ஏஆர்ச்64 என்றும், கெட்கான்ஃப் லாங்_பிட் (இதில் லாங்_பிட் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) தட்டினால் 32 என்றும் வந்தால் நீங்கள் இந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி கோப்பில் ஏஆர்எம்_64பிட்=0 என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்யுங்கள். பை 5 தவிர மற்றவற்றில் 32 பிட் கெர்னல் வந்துவிடும், பிறகு அதற்குரிய ஹெடரோடு கம்பைல் செய்யலாம். புதிதாகத் தொடங்குபவர் என்றால் முழு 64 பிட் ஓஎஸ்ஸையே போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

13. நேற்று வரை ஓடியது. அப்டேட் போட்டேன், போச்சு.

கையால் கம்பைல் செய்த மாட்யூல் ஒரு கெர்னல் பதிப்புக்கு மட்டும்தான் சொந்தம். அப்டேட்டில் கெர்னல் மாறியது, மாட்யூல் பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. 11ஆம் பதிலில் சொன்னபடி ஹெடரை எடுத்து மறுபடி கம்பைல் செய்தால் வரும்.

ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமலிருக்க டிகேஎம்எஸ் என்று ஒன்று இருக்கிறது. டிரைவரின் மூல நிரலை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், கெர்னல் மாறும்போதெல்லாம் அதுவே கம்பைல் செய்துகொள்ளும். அப்டேட் நடுவில் பை பல நிமிடம் அசையாமல் நிற்பது போலத் தெரியும். பழைய போர்டில் இன்னும் கூடுதலாக ஆகும். பயந்து மின்சாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். இன்னொன்று, ஆர்பிஐ-அப்டேட் என்ற கட்டளையை வழக்கமான அப்டேட் என்று நினைத்து ஓட்டாதீர்கள். அது சோதனையில் இருக்கும் கெர்னலைக் கொண்டுவரும்; அதற்குப் பொருந்தும் ஹெடர் ஏப்ட்டில் இருக்காது.

14. இரண்டு டிரைவர் இருந்தால் எது வேலை செய்யும்?

முந்திக்கொண்டது. அதுதான் பிரச்சினை. உதாரணமாக 8188இயூஎஸ் சிப்பை, 6.3 கெர்னல் முதல் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற உள்டிரைவரே கவனித்துக்கொள்கிறது. நீங்கள் பழைய குறிப்பைப் பார்த்து வெளியிலிருந்தும் ஒன்றைப் போட்டிருந்தால் இரண்டும் போட்டியிடும். ஒரு பூட்டில் இது, மறு பூட்டில் அது. "சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடவில்லை" என்று யாராவது சொன்னால் மின்சாரத்துக்கு அடுத்து நான் பார்ப்பது இதைத்தான்.

5ஆம் பதிலில் சொன்ன மரப்படத்தில் எந்தப் பெயர் என்று பாருங்கள். வேண்டாததை மாட்புரோப் டாட் டி ஃபோல்டரில் ஒரு கோப்பு போட்டு பிளாக்லிஸ்ட் செய்யலாம் (ஏறாமல் தடுக்கலாம்). உள்டிரைவர் நன்றாக ஓடினால், வெளியிலிருந்து போட்டதைக் கழற்றிவிடுவதே மேல்.

15. இவ்வளவு தலைவலி வேண்டாம். செருகினால் ஓடுகிற மாதிரி எதை வாங்க?

கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் சிப்பை வாங்குங்கள். 2.4 போதும் என்றால் ராலிங்க் ஆர்டி5370 அல்லது ஏதெரோஸ் ஏஆர்9271. இரண்டும் வேகம் குறைவு, ஆனால் ஓடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ. 2018இல் 4.19 கெர்னல் முதல் உள்ளே இருக்கிறது. புதியது வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ, 5.18 கெர்னல் முதல். நான் வகுப்புக்கு வாங்கி வைத்திருப்பது எம்டி7612யூதான்.

ரியல்டெக் கூடாது என்று சொல்லமாட்டேன். பல வருடம் அதன் டிரைவர்கள் கெர்னலுக்கு வெளியிலேயே இருந்தன, தன்னார்வலர்கள்தான் கிட்ஹப்பில் காப்பாற்றி வந்தார்கள். அவர்கள் உழைப்பு இல்லையென்றால் ஆயிரக்கணக்கான அடாப்டர்கள் குப்பைக்குப் போயிருக்கும். 2023இல் வந்த 6.2 கெர்னல் முதல் 8822பியூ, 8821சியூ போன்றவை ஆர்டிடபிள்யூ88 டிரைவர் வழியாக உள்ளே வரத் தொடங்கின. நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் புதிதாகப் பணம் கொடுத்து வாங்கும்போது ஏன் சந்தேகத்தோடு வாங்க வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கப் போனால் லினக்ஸ் போட்ட லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். "செருகிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்டால் நான் போன கடைகளில் யாரும் மறுத்ததில்லை. எல்எஸ்யூஎஸ்பி ஒரு விநாடி வேலை.

16. டபிள்யூலேன் வந்துவிட்டது. ஆனால் வீட்டு வைஃபை பெயரைக் காட்டவே இல்லை.

முதலில் நாடு. ராஸ்பி-கான்ஃபிக்கில் லோக்கலைசேஷன் பகுதியில் டபிள்யூலேன் கன்ட்ரி என்று இருக்கும். எந்த அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. நாட்டைச் சொல்லாதவரை பை வைஃபையைப் பூட்டியே வைத்திருக்கலாம். ஆர்எஃப்கில் லிஸ்ட் தட்டி, சாஃப்ட் பிளாக்ட் என்பதற்கு நேரே யெஸ் இருந்தால் பூட்டியிருக்கிறது. நாடு அமெரிக்கா என்று கிடந்து, உங்கள் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருந்தாலும் பெயர் தெரியாது.

மற்றவர்கள் பெயரெல்லாம் தெரிந்து, உங்கள் வீட்டு 5ஜி என்று முடியும் பெயர் மட்டும் தெரியவில்லையா? அடாப்டர் 2.4 மட்டும் பிடிப்பதாக இருக்கும். இதற்கு டிரைவர் எதுவும் செய்ய முடியாது.

ஒன்றுமே தெரியாமல் வெறுமையாக இருந்தால் கடைசியாக ஒன்று. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள், தேடும்போது அடாப்டரின் மேக் முகவரியை (அதன் அடையாள எண்ணை) மாற்றி மாற்றிக் காட்டும். சில வெளி டிரைவர்கள் அதில் குழம்பிவிடும். அதன் கான்ஃப் டாட் டி ஃபோல்டரில் ஒரு கோப்பு போட்டு, டிவைஸ் பகுதியில் வைஃபை டாட் ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ்=நோ என்று எழுதினால் சரியாகிவிடும்.

17. முன்பெல்லாம் மெமரி கார்டில் டபிள்யூபிஏ_சப்ளிகன்ட் கோப்பை வைத்தால் போதும். இப்போது ஏன் எடுப்பதில்லை?

புக்வார்மிலிருந்து அந்த வழி போய்விட்டது. இணைப்புகளை இப்போது நெட்வொர்க்மேனேஜர் கவனிக்கிறது. கார்டு எழுதும்போதே இமேஜர் மென்பொருளில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிடலாம். பூட் ஆன பிறகு என்றால் என்எம்டியூஐ தட்டுங்கள், மெனு வரும். டிரைவர் பிரச்சினை என்று வந்தவர்களில் சிலருக்கு உண்மையில் இதுதான் பிரச்சினை.

18. பாஸ்வேர்டு நூறு சதவீதம் சரி. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருக்கிறீர்களா பாருங்கள். பழைய அடாப்டர்களுக்கும் பையின் உள் வைஃபைக்கும் அதில் தகராறு உண்டு. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதிலும் வரவில்லை என்றால் டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

19. எஸ்எஸ்ஹெச்சில் (வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழைந்து) வேலை செய்துகொண்டிருக்கும்போதே உறைந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது.

9ஆம் பதிலில் சொன்ன மின்சாரத்தை முதலில் பாருங்கள். அது சரியென்றால், பவர் சேவ். வேலை இல்லாதபோது அடாப்டர் தூங்கப் போகும். எழுப்பினால் சிலது தாமதமாக எழும், சிலது எழாது. சூடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் பவர்_சேவ் ஆஃப் என்று தட்டி ஒரு நாள் பாருங்கள். தேவலை என்றால் நெட்வொர்க்மேனேஜர் இணைப்பில் பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்து நிரந்தரமாக்குங்கள். 2 என்றால் அணை, 3 என்றால் போடு.

20. பை 4இல் நீல போர்ட்டில் போட்டால் வேகம் குறைகிறது, கறுப்பில் போட்டால் நன்றாக இருக்கிறது. தலைகீழாக இருக்கிறதே?

தலைகீழ் இல்லை. யூஎஸ்பி 3 ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்திலும் பரவும். இன்டெல் 2012இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில் யூஎஸ்பி 3 எஸ்எஸ்டி ஓடினால் கட்டைவிரல் அளவு அடாப்டருக்கு அது காதருகில் மேளம் அடிப்பது மாதிரி. அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயரில் அடாப்டரைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். டிரைவரை மாற்றிப் பயனில்லை.

21. உள் வைஃபையும் அடாப்டரும் ரீபூட் ஆகும்போது பெயரை மாற்றிக்கொள்கின்றன. டபிள்யூலேன்0 எது என்றே தெரியவில்லை.

முதலில் எழுந்தது 0, அடுத்தது 1. வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. உள் வைஃபை வேண்டாம் என்றால் கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டியில் டிடிஓவர்லே=டிசேபிள்-வைஃபை என்று சேருங்கள்; அடாப்டர் மட்டும் இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் ராஸ்பி-கான்ஃபிக்கின் அட்வான்ஸ்டு பகுதியில் பிரெடிக்டபிள் நெட்வொர்க் பெயர்களைப் போடுங்கள். அடாப்டருக்கு அதன் மேக் முகவரி சேர்ந்த நீளமான பெயர் வரும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மாறாது.

22. அடாப்டர் இணைகிறது, ஹாட்ஸ்பாட் மட்டும் போடமுடியவில்லை.

ஐடபிள்யூ லிஸ்ட் தட்டி, சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ் மோட்ஸ் என்ற பட்டியலில் ஏபி (ஹாட்ஸ்பாட் தரும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த டிரைவரால் முடியாது. எம்டி7601யூ அப்படித்தான், இணைய மட்டும் தெரியும், இணைப்புத் தரத் தெரியாது. ஹாட்ஸ்பாட் வேண்டுமென்று முன்பே தெரிந்தால் 15ஆம் பதிலில் சொன்ன எம்டி7612யூவையே வாங்குங்கள்.

23. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். உங்களிடம் கேட்கலாமா?

தாராளமாக. போர்டு எது, எந்த ஓஎஸ், 32ஆ 64ஆ என்று எழுதுங்கள். யூநேம் ஹைஃபன் ஏ, எல்எஸ்யூஎஸ்பி, அதன் மரப்படம், அடாப்டரைக் கழற்றிச் செருகிய பிறகு வந்த டிஎம்இஎஸ்ஜி வரிகள், கெட்_த்ராட்டில்ட் எண் ஆகியவற்றை அனுப்புங்கள். பவர் அடாப்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேருங்கள். திரையை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்; எழுத்தாகக் காப்பி செய்து அனுப்பினால் நான் தேடிப் பார்க்க முடியும். அனுப்புவதற்கு முன் அதில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இருந்தால் அழித்துவிடுங்கள்.